“அப்பத்தா பல்லு கழண்டு வருது, என்னோடது ஏன் வரமாட்டேங்குது?”

ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இது.

மகனுக்கு ஐந்தரை வயது, யுகேஜி படிக்கிறான். வாயைத் திறந்தால் வீடே சிரிக்கும். இரவில் மொபெட்டில் போகும்போது நிலா பின்னாலேயே வருவதைப் பார்த்துவிட்டு, “அதுக்கு நம்ம வீடு தெரியாதும்மா, மெதுவாப் போ” என்றிருக்கிறான். ஒரு தோசை போதாது என்று அழுதவன், அதையே நாலாகப் பிய்த்து வைத்ததும் “இப்ப சரி” என்று சாப்பிட்டிருக்கிறான். விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போதே, “இவங்க போனப்புறந்தானே நல்ல முறுக்கு எடுப்ப?” என்று கேட்டு அம்மாவின் மானத்தை வாங்கியிருக்கிறான்.

வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் இவருக்கு அன்றாடச் சந்தோஷமே இதுதான். முதலில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வீடியோ போட்டார். எல்லோரும் ரசிக்கவே, மகன் பெயரில் இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கினார். ஒரு சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்து இடுப்பில் துண்டோடு வந்த பையன், அப்பத்தா தன் பல் செட்டைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போடுவதைப் பார்த்தான். தன் பல்லையும் பிடித்து இழுத்தான். வரவில்லை. “அப்பத்தா பல்லு கழண்டு வருது, என்னோடது ஏன் வரமாட்டேங்குது?” என்று தேம்பித் தேம்பி அழுதான். அந்த வீடியோவைப் பல்லாயிரம் பேர் பார்த்தார்கள்.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் முன்பின் தெரியாத ஒருவர், “டேய் பல்லு, இங்க வா, கழட்டிக் காட்டு” என்று அவனைக் கூப்பிட்டிருக்கிறார். பையன் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றான். பந்தியில் உட்கார மறுத்தான். அன்றிலிருந்து சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறான். சில நாள் “எடுக்காதே” என்கிறான். வேறு சில நாள், “நான் சொன்னது காமெடியா? எடுத்தியா?” என்று அவனே வந்து கேட்கிறான். எல்லாவற்றையும் அழி என்கிறார் கணவர். கண் பட்டுவிட்டது என்கிறார் மாமியார். “இந்த வயதில் நடந்ததெல்லாம் மறந்துவிடும்தானே? பெற்றவளுக்கு இந்த உரிமைகூட இல்லையா? குழந்தைகள் துணிக்கடை ஒன்று துணி கொடுத்து வீடியோ கேட்கிறது, ஒப்புக்கொள்ளலாமா? சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பிக்கு அனுப்புவதும் தப்பா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் பட்டது, பிள்ளை பேசுவதை நீங்கள் எவ்வளவு உன்னிப்பாகக் கேட்கிறீர்கள் என்பதுதான். நிலாவைப் பற்றி அவன் சொன்னதை அடுப்படி வேலைக்கு நடுவில் காதில் வாங்காமல் விட்டுவிடும் வீடுகள்தான் அதிகம். உங்கள் மகனுக்கு அந்தக் குறை இல்லை. அதனால் தப்பு செய்துவிட்டோம் என்ற பதற்றத்தோடு இந்தப் பதிலைப் படிக்க வேண்டாம். மாற்ற வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அதில் ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்யச் சொல்வேன்.

அந்தப் பல் வீடியோவை இன்னொரு முறை பாருங்கள், இந்தத் தடவை சத்தத்தை மட்டும் கேளுங்கள். குழந்தை அழுகிறான். அவனைப் பொறுத்தவரை உலகத்தில் எல்லோருக்கும் பல் கழன்று வருகிறது, தனக்கு மட்டும் ஏதோ கோளாறு. உண்மையிலேயே பயந்துபோய் ஒரு கேள்வி கேட்டிருக்கிறான். அதற்கு அன்று யாராவது பதில் சொன்னார்களா? உங்கள் கடிதத்தில் அந்த வரி இல்லை. மண்டபத்தில் நடந்ததைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அவன் கேட்டது கேள்வி, அவனுக்குக் கிடைத்தது சிரிப்பு.

இப்போது சொன்னாலும் காலம் தாழ்ந்துவிடவில்லை. அப்பத்தாவின் பல் டாக்டர் செய்து கொடுத்தது, அதனால் கழற்றி மாட்டலாம். உன் பல்லுக்குக் கீழே வேர் இருக்கிறது, அது ஈறுக்குள் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இழுத்தால் வருவதில்லை. ஆனால் ஆறு வயது வாக்கில் கீழ்வரிசை முன்பல் தானாகவே ஆடத் தொடங்கும். அந்த வேர் மெல்ல மெல்லக் கரைந்துவிடும், பல் விழுந்து புதுப் பல் முளைக்கும். உனக்கு இருக்கும் 20 பால்பற்களும் இப்படித்தான் ஒவ்வொன்றாக மாறும். இதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, எந்தப் பல் முதலில் ஆடப்போகிறது என்று அவனோடு சேர்ந்து தேடுங்கள். விழுந்த பல்லைக் கூரை மேல் எறியும் வழக்கம் உங்கள் பக்கத்திலும் இருக்குமே, அதை அப்பத்தா வாயால் சொல்லச் சொல்லுங்கள். இன்னும் சில மாதங்களில் அவன் பல் நிஜமாகவே ஆடப்போகிறது. கேலிக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிற பையனாக அந்த நாளை அவன் எதிர்கொள்ளக் கூடாது.

“சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?”

மறந்துவிடுவான் என்பது பாதிதான் சரி. நாலு வயதில் நடந்த பல சம்பவங்கள் பெரியவனானதும் நினைவில் இருக்காது, உண்மைதான். ஆனால் நான் பேசும்போது ஜனங்கள் எப்படிப் பார்க்கிறார்கள், எப்போது சிரிக்கிறார்கள் என்பது சம்பவமாக நினைவில் தங்க வேண்டியதில்லை. அது பழக்கமாகவே பதிந்துவிடும். வாயை மூடும் அந்தக் கை அதைத்தான் சொல்கிறது.

ஒன்றரையிலிருந்து இரண்டு வயதுக்குள் குழந்தைக்குக் கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று புரிந்துவிடுகிறது. நாலு வயதை ஒட்டி, எனக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம், அவர் வேறு மாதிரி நினைக்கலாம் என்பது பிடிபடுகிறது. ஐந்து வயதில், அடுத்தவர் கண்ணில் நான் எப்படித் தெரிகிறேன் என்ற அக்கறை வந்துவிடுகிறது. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சக குழந்தை பார்த்துக்கொண்டிருந்தபோது ஐந்து வயதுக் குழந்தைகள் கூடுதலாகப் பகிர்ந்துகொண்டார்கள், அடுத்தவர் பொருளை எடுப்பதும் குறைந்தது. உங்கள் மகன் சரியாக அந்த வயதில் இருக்கிறான். ஆனால் அன்பாகச் சிரிக்கிறார்களா, கேலியாகச் சிரிக்கிறார்களா என்று பிரித்துப் பார்க்கும் திறமை இன்னும் முழுதாக வரவில்லை. மண்டபத்தில் கூப்பிட்டவர் பிரியமாகத்தான் கூப்பிட்டிருப்பார். முன்பின் தெரியாத ஒருவருக்குத் தான் அழுதது எப்படித் தெரிந்தது என்பதே குழந்தைக்குப் புரிந்திருக்காது. பயம் அங்கேதான் தொடங்கியிருக்கும்.

“காமெடியா? எடுத்தியா?” என்று கேட்பதை அவன் நடிகனாகிவிட்டான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எதைச் சொன்னால் அம்மாவின் முகம் மலர்கிறது, கை போனுக்குப் போகிறது என்று அவன் கண்டுபிடித்துவிட்டான். அம்மா சந்தோஷப்பட வேண்டும் என்று நினைக்கிற குழந்தை செய்வதுதான் இது. இன்னொரு நாள் அதே வாய் “எடுக்காதே” என்கிறதே, அதையும் அதே மரியாதையோடு கேளுங்கள். ஐந்து வயதில் வேண்டும், வேண்டாம் இரண்டும் மாறி மாறித்தான் வரும். சந்தேகமாக இருந்தால் ‘வேண்டாம்’ பக்கம் நில்லுங்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் வீடியோ எடுக்கலாம்.

அவன் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் யோசனை

உங்களைச் சிரிக்க வைத்த ஒவ்வொரு வரியும் உங்கள் மகன் ரொம்ப சீரியசாக யோசித்துச் சொன்னது. நிலா என் கூடவே வருகிறது என்று உலகமெங்கும் குழந்தைகள் நினைக்கிறார்கள். ஸ்விட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே (1896–1980) குழந்தைகளிடம் இதையே கேட்டுக் கேட்டு அவர்கள் சொன்னதை எழுதி வைத்தார். தோசை விஷயமும் அப்படித்தான். துண்டுகளின் எண்ணிக்கை கூடினாலும் தோசையின் அளவு அதேதான் என்பது ஏறக்குறைய ஏழு வயதில்தான் பிடிபடும். அதுவரை நாலு துண்டு என்றால் நிறைய தோசை. அந்த வயதுக்கு அது முட்டாள்தனமே இல்லை.

அதனால் சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் பதில் சொல்லுங்கள். நிலா சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நாம் போகும்போது ரோட்டோர மரம் சட்டென்று பின்னால் போய்விடும், தூரத்து மலை நகராத மாதிரியே இருக்கும், நிலா அதைவிடவும் ரொம்ப ரொம்பத் தூரம். அடுத்த முறை மொபெட்டில் போகும்போது மரத்தையும் மலையையும் காட்டியே சொல்லலாம். அவன் நம்பாமல், “இல்ல, அது நம்ம கூடத்தான் வருது” என்று சாதித்தால் விட்டுவிடுங்கள். முறுக்கு விஷயத்தில் அவன் சொன்னது நிஜம் என்பதால் அதற்கு மறுப்புச் சொல்ல வழியில்லை. ஆனால் விருந்தாளி போனதும் அவனைத் திட்டியிருந்தால், உண்மையைச் சொன்னதற்குத் திட்டு விழுந்தது என்று எடுத்துக்கொள்வான். “சொன்னது நிஜந்தான், ஆனா அவங்க முன்னாடி சொன்னா அவங்களுக்கு வருத்தமா இருக்கும்” என்று சொன்னால் போதும்.

அழித்துவிட்டால் போய்விடுமா?

இன்றைக்கே செய்யச் சொன்னது இதுதான். துண்டோடு இருக்கும் அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். குளியல், உடை மாற்றுதல், அரைகுறை உடை, இவை எதுவும் பொதுவில் இருக்கவே கூடாது. நீங்கள் வெள்ளை மனதோடு போட்டதை எடுத்து வேறு இடத்தில் வேறு எண்ணத்தோடு சேர்த்து வைப்பவர்கள் உண்டு. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை, குழந்தைகளோடு வேலை செய்கிற எல்லோரும் தெரிந்து வைத்திருக்கும் விஷயம் இது.

நீங்கள் எடுத்த பிறகும் யாராவது பதிவிறக்கி வைத்திருக்கலாம். வேறு பக்கத்தில் அதைப் பார்த்தால், 13 வயதுக்குட்பட்ட குழந்தையின் படம் என்று சொல்லிப் பெற்றோரே புகார் கொடுக்க இன்ஸ்டாகிராமில் வசதி இருக்கிறது. கூகுள் தேடலில் வருகிற படங்களை, 18 வயதுக்குட்பட்டவர் படம் என்ற காரணத்துக்காக நீக்கச் சொல்லிக் கேட்கவும் 2021-இலிருந்து வழி இருக்கிறது. யாராவது தவறாகப் பயன்படுத்தியது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யுங்கள். மற்ற வீடியோக்களையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பள்ளிச் சீருடை, வேனில் எழுதியிருக்கும் பெயர், வாசலில் இருக்கும் தெருப்பலகை, இவையெல்லாம் உங்கள் மகன் தினமும் எங்கே, எத்தனை மணிக்கு இருப்பான் என்று அறிமுகமில்லாதவருக்குச் சொல்லிக் கொடுக்கும்.

உரிமை யாருக்கு?

நான் வழக்கறிஞர் இல்லை, என் வேலையில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பெற்றோர் தங்கள் குழந்தையின் வீடியோவைப் போடக் கூடாது என்று நேரடியாகத் தடுக்கும் சட்டம் இங்கே இல்லை. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தையின் தரவைக் கையாளும் நிறுவனம் பெற்றோரிடம் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது. அதாவது, அவன் சார்பில் முடிவெடுக்கும் பொறுப்பை உங்கள் கையில் கொடுத்திருக்கிறது. ஆனால் இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவு, குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது. 12-ஆவது பிரிவு, குழந்தை தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லலாம், வயதுக்கேற்ப அதை மதிக்க வேண்டும் என்கிறது. பிரான்சில் 2024-இல் வந்த ஒரு சட்டம், குழந்தையின் படத்தைப் பாதுகாக்கும் பொறுப்பு அப்பா, அம்மா இருவருக்கும் சேர்ந்தே உண்டு என்றும் குழந்தையையும் கலந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. இங்கே அப்படி ஒரு சட்டம் வரும்வரை காத்திருக்காமலே உங்கள் வீட்டில் நீங்கள் அதைச் செய்யலாம்.

கணவர் உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மண்டபத்தில் மகனின் முகத்தை அவரும் பார்த்தார். எல்லாவற்றையும் அழி என்று அவர் சொன்ன விதம் கடுமையாக இருந்திருக்கலாம். போனில் இருப்பதை அழிக்கத் தேவையில்லை, பொதுவில் இருப்பதை மட்டும் எடுத்தால் போதும் என்று நீங்களே பேச்சைத் தொடங்கிப் பாருங்கள்.

அப்புறம் உங்கள் மாமியார். கண் பட்டுவிட்டது என்று அவர் சொன்னதை நீங்கள் ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். அந்த வீடியோவில் உங்கள் மகன் மட்டும் இல்லை, ஓர் அம்மாளின் பல் செட்டும் டம்ளரும் இருக்கின்றன. வாயில் பல் இல்லாமல் வெளி மனிதர் முன்னால் வர எத்தனை பெரியவர்கள் கூசுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பல்லாயிரம் பேர் பார்த்ததில் அவருடைய சொந்தபந்தமும் இருந்திருப்பார்கள். அவரிடம் யாரும் கேட்கவில்லை. மருமகளிடம் எனக்கு அவமானமாக இருந்தது என்று நேராகச் சொல்வதைவிட, பேரனுக்குக் கண் பட்டது என்று சொல்வது அவருக்கு எளிதாக இருந்திருக்கலாம். என் ஊகம்தான். ஆனாலும் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, “உங்களைக் கேக்காமப் போட்டுட்டேன் அத்தை, எடுத்துட்டேன்” என்று சொல்லிவிடுங்கள். மகன் காதில் விழும்படி சொன்னால் இன்னும் நல்லது. ஒருவர் விஷயத்தைச் சொல்லுமுன் அவரைக் கேட்க வேண்டும் என்பதை அவன் கற்றுக்கொள்வதும் அப்படித்தான்.

துணிக்கடை விஷயத்தில் என் பதில் ‘வேண்டாம்’. பண்டம் வாங்கிக்கொண்டு செய்தால் அது விளம்பரம். விளம்பரத்தில் குழந்தைகள் பங்கேற்பதற்குக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் விதிகள் இருக்கின்றன. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அவன் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும். இவையெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற குழந்தையை இப்போது ஒரு கடைக்காகச் சிரிக்கச் சொல்ல வேண்டாம்.

அந்தப் பக்கத்தை என்ன செய்வது?

முகம் காட்டாமல் தொடரலாம், தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றலாம், மூடிவிடலாம். தெரிந்தவர் மட்டும் என்று வைத்தாலும், அதில் எத்தனை பேர் உண்மையில் தெரிந்தவர் என்று எண்ணிப் பார்த்தால் உங்களுக்கே சந்தேகம் வரும். பக்கம் அவன் பெயரில் வேறு இருக்கிறது. நான் மூடிவிடத்தான் சொல்வேன். வளர்ந்த பிறகு அவனுக்கே விருப்பமிருந்தால் அவன் தொடங்கிக்கொள்வான்.

மூடினால் உங்களுக்கு ஓர் இழப்பு இருக்கிறது, அதை நான் லேசாக நினைக்கவில்லை. நாள் முழுக்க வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு, நான் பார்த்ததை இன்னொருவரும் பார்த்து ரசித்தார் என்பது பெரிய துணை. அந்தத் துணை உங்களுக்கு வேண்டும். அதற்குக் குழந்தையின் முகம் தேவையில்லை. உங்களுக்கு நன்றாக எழுத வருகிறது, இந்தக் கடிதமே சாட்சி. நம் வார, மாத இதழ்களில் பிள்ளைகளின் குறும்புப் பேச்சை வாசகர்கள் எழுதி அனுப்பும் பகுதிகள் வெகுகாலமாக உண்டு. பெயரை மாற்றி எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, அவன் வயது, சொன்னது, சொன்ன சூழ்நிலை. சார்லஸ் டார்வின் 1839-இல் பிறந்த தன் முதல் மகனின் சின்னச் சின்னச் செய்கைகளைக் குறித்து வைத்து, அதை வைத்து 1877-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பியாஜேயும் தன் மூன்று குழந்தைகளைக் கவனித்து எழுதியவர்தான். குழந்தை உளவியல் என்ற படிப்புக்கே இப்படி வீட்டில் எழுதிய குறிப்புகள் பெரிய அடித்தளம். வீடியோவில் அவன் சொன்ன வரி மட்டும் இருக்கும். அதற்கு முன் அவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், அதற்கு அவன் என்ன கேட்டான் என்பதெல்லாம் நோட்டில்தான் வரும். ராத்திரி அதை அவனுக்கே படித்துக் காட்டுங்கள். தன் பழைய பேச்சைக் கேட்டு அவனே சிரிப்பான். வேண்டாம் என்று சொல்கிற வரியை அடித்துவிடுங்கள்.

வாயை மூடும் பழக்கத்தைப் பார்த்து, “கையை எடு” என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டாம். சிரிக்கும்போது போன் தெரியாமல் இருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே குறையும். ஒன்றிரண்டு மாதம் ஆகியும் குறையவில்லை, பள்ளியிலும் பேச மறுக்கிறான், விசேஷங்களுக்கு வர அடம்பிடிக்கிறான், தூக்கமோ சாப்பாடோ குறைகிறது என்றால் மட்டும் பக்கத்தில் இருக்கும் குழந்தைகள் நல மருத்துவரிடமோ குழந்தை உளவியலாளரிடமோ காட்டுங்கள்.

கடைசியாக உங்கள் தம்பி. தாராளமாக அனுப்பலாம். மாமனுக்குத் தெரியாமல் மருமகன் வளர வேண்டுமா என்ன? இரண்டே நிபந்தனை. மகனிடம் காட்டி, “இதை மாமாவுக்கு அனுப்பட்டுமா?” என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது, ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது என்று தம்பியிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். மகன் வேண்டாம் என்று சொல்கிற நாளில் தம்பிக்குப் போன் போட்டு நீங்களே வாயால் சொல்லுங்கள். அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால், நீங்கள் தப்பாகச் சொல்லும் இடத்தில் அவனே குறுக்கிட்டுத் திருத்துவான்.